வசந்தாமணி செய்த சேஸ்

கல்லுக்குழிப்பாளையத்தில் ஒரு கையகலக் கார், கரண்ட் இல்லாமல், ஓட்ட ஆளில்லாமல், மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்து, தார்ச்சாலையைத் தானே கீறிக்கொண்டு ஊரைச் சுற்ற ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்கடைகளில் கூட்டம் கலைந்து வீட்டுக்கு வீடு குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரம். அது ஏன் ஓடுகிறது என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு லேத், தெருவுக்கு ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. எங்கேயோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறதென்றால் அந்த மோட்டாரின் வயிற்றுக்குள் எங்கள் ஊர்க் கை ஒன்று போய்வந்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில், பம்பு கம்பெனி முதலாளி மோகனசுந்தரம், ஜெர்மனிக்கு இயந்திரக் கண்காட்சி பார்க்கப் போனவர், திரும்பி வரும்போது ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த பெரிய மாடியை வாடகைக்குப் பிடித்து, வளைந்து நெளிந்து போகும் மரப்பாதை ஒன்றைப் போட்டு, அதில் தச்சரை விட்டுக் காடி எடுக்கச் சொன்னார். காடி என்றால் பலகையில் விரல் அகலத்துக்கு இழைத்த பள்ளம். அதன் இரண்டு ஓரத்திலும் செப்பு நாடா, நாடாவில் கரண்ட். காரின் மூக்குக்கு அடியில் ஒரு சின்ன நாக்கு, அது காடிக்குள் இறங்கி நிற்கும். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் கார் பறக்கும், வளைவில் கூடுதலாக அழுத்தினால் துள்ளி விழும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் பெரிய மனிதர்கள் எல்லாம், பல் டாக்டர் கிரிதரனில் இருந்து வார்ப்படப் பட்டறை முதலாளிகள் வரை, கிளப் என்று பேர் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மாடியில்தான் கிடந்தார்கள்.

மேலே பளபளவென்று பெயின்ட் அடித்த மெல்லிய கூடு. பார்ப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் கைதட்டுவார்கள். ஓடுவது அது அல்ல. ஓடுவது அடியில் மோட்டாரையும் சக்கரத்தையும் தாங்கியிருக்கும் உலோகச் சட்டம், அதாவது சேஸ். அந்த கிளப்பில் ஜெயித்த ஒவ்வொரு காருக்கும் அடியில் இருந்த சேஸைச் செய்தவள் வசந்தாமணி.

வசந்தாமணியின் கணவர் சென்னியப்பன் பம்பு கம்பெனியில் மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், சுற்றுகிறவர். கிளப் காருக்கு விரல்நுனி அளவு மோட்டார் சுற்ற வேண்டும் என்று கம்பெனியில் கேட்டபோது, அவருடைய தடித்த விரலுக்கு அந்த வேலை வசப்படாமல் வீட்டுக்கு எடுத்துவந்தார். அவள் சுற்றிக் கொடுத்தாள். அடுத்த தடவை, இந்த மோட்டாரை வைக்கிற சேஸே கோணல் என்று சொல்லி அனுப்பினாள். அதற்கடுத்த தடவை சேஸையே செய்து அனுப்பினாள். பித்தளைத் தகட்டை வெட்டி, எஃகுக் கம்பியை வளைத்து, மரக்கட்டையில் அடித்த ஊசிகளுக்கு நடுவே அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சால்டரிங் அயர்னை வைத்து ஈயத்தை ஓடவிடுவாள். முடிந்ததும் கண்ணாடிமேல் கிடத்தி நாலு மூலையையும் நகத்தால் தட்டுவாள். ஏதாவது ஒரு மூலை டக் என்று சத்தம் போட்டால் அங்கே தரையைத் தொடவில்லை என்று அர்த்தம், அத்தனையையும் உருக்கிப் பிரித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து. பக்கத் தகடுகளை மட்டும் இறுக்கமாட்டாள், ஒரு மயிரிழை ஆட விடுவாள். இதை ஒருநாள் பார்த்துவிட்டு சென்னியப்பன், "ஏம் புள்ள, லூசா இருக்குதே" என்றார். "அத்தனையும் இறுக்கிப்போட்டா வளைவுல துள்ளி உழுந்துருமுங்க, கொஞ்சம் ஆடோணும்" என்றாள்.

இப்படி வருடக்கணக்காகச் செய்தாள். விரல் முழுக்க ஈயச் சூடு பட்ட தழும்பு. பெண்கள் கார் ஓட்டக்கூடாது என்று கிளப்பில் சட்டமெல்லாம் கிடையாது, ஆனால் அவள் கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள், அந்த அடுத்த மாதம் மட்டும் எந்தக் காலண்டரிலும் வரவில்லை. பதிலுக்கு மார்ஷல் வேலை கொடுத்தார்கள். மார்ஷல் என்றால் வளைவுக்கு ஒருவராக நின்று, துள்ளி விழும் காரை எடுத்துக் காடியில் வைப்பவர். அந்த வளைவில் விழுந்த காரை அந்த வளைவு மார்ஷல்தான் தொடலாம். ஓட்டுகிறவரே ஓடிவந்து எடுத்தாலும் அவுட். இந்த விதியில் மட்டும் கிளப் கோயில் பூசாரியைவிடக் கறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் அகில இந்தியப் போட்டி. வெளியூரில் இருந்தெல்லாம் கார் வந்திருந்தது. கையால் செய்த சேஸ்களில் சிறந்தது எது என்று ஒரு பரிசு. நடுவர்கள் கார்களைக் கவிழ்த்துப்போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மோகனசுந்தரத்தின் காரைத் தேர்ந்தெடுத்து, இதை யார் செய்தது என்று கேட்டார்கள். மோகனசுந்தரம் மைக்கை வாங்கினார்.

"இந்த ரெண்டு கையாலயும் நானே ஒக்காந்து பண்ணுனதுங்க" என்றார்.

மூன்றாவது வளைவில் நின்றிருந்த வசந்தாமணி, "சார், அது நான் பண்ணுனதுங்க" என்றாள். முணுமுணுக்கவில்லை, நன்றாகவே சொன்னாள், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

மோகனசுந்தரத்துக்குக் கோபம் வந்திருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். "அக்கா நம்ம வீட்டு ஆளாட்டமுங்க. ஈயம் வெக்கறதுல ஏதோ ஒத்தாசை பண்ணுவாங்க. அவங்களுக்கும் ஒரு கைதட்டு குடுத்துருங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. ஊரே கைதட்டியது. திருடியவனைவிட அந்தக் கைதட்டலை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பிறகு பரிசு வாங்கிய கார் ஒரு சுற்று ஓடிக் காட்ட வேண்டும் என்றார்கள். மோகனசுந்தரம் பெருமையில் விசையைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டார், கார் நேராக வந்து மூன்றாவது வளைவில் துள்ளி, வசந்தாமணியின் காலடியில் மல்லாந்தது. கரண்டை நிறுத்தினார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எடுத்து வைங்க" என்றார் டாக்டர் கிரிதரன். அவர்தான் கிளப் செயலாளர்.

"பண்ணுனவரு வந்து எடுத்து வெக்கட்டும்."

"மார்ஷல்தானுங்க்கா தொடோணும். விதி இருக்குதில்லீங்க?"

"அப்பக் கெடக்கட்டும்."

கிடந்தது. விதி இருந்ததால் யாரும் தொடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டே நிற்க, மல்லாந்து கிடந்த காரின் சக்கரங்கள் முதலில் மெதுவாகவும் பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்திலும் சுற்ற ஆரம்பித்தன, கார் தானே புரண்டு நிமிர்ந்தது, பலகையை விட்டுத் தரைக்குக் குதித்தது, தரையில் அதன் மூக்குக்கு முன்னால் ஒரு காடி திறந்துகொண்டே போக, அது வாசலைத் தாண்டி, படி இறங்கி, சைக்கிள் கடையைச் சுற்றி, பேருந்து நிலையத்தைத் தொட்டு, மாரியம்மன் கோயில் வாசல், சந்தைப்பேட்டை, போலீஸ் ஸ்டேஷன், மோகனசுந்தரத்தின் வீட்டு கேட், எல்லாவற்றையும் கடந்து, புறப்பட்ட மாடிக்கே ஏறி வந்து, நிற்காமல் அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது. கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் கோணிச்சாக்கைப் போட்டுப் பிடிக்கப் பார்த்தார். சாக்கு கருகிப்போனது. அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டார்கள்.

இரண்டு நாள் ஊர் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் பழகிப்போனது. வாசலில் கோலம் போடும் பெண்கள் காடி போகும் இடத்தில் கோட்டை நிறுத்தி அந்தப் பக்கத்தில் தொடர்ந்தார்கள். கோழிகள் கற்றுக்கொண்டன, நாய்களுக்கு மட்டும் கொஞ்சம் நாளானது. கல்யாண ஊர்வலம் வந்தால் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் காலை மட்டும் நிறுத்தி, கார் போனதும் தாண்டினார். வெற்றிலைச் சாறைக் காடிக்குள் துப்பினால் அபராதம் என்று பேரூராட்சி போர்டு வைத்தது, போர்டுமேல் துப்பினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து, ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் கேட்க முடியாது என்று கேஸை மூடினார். அம்மன் சன்னதிக்கு முன்னால் சக்கரம் உருளலாமா என்று ஒரு பேச்சு கிளம்பியது, ரப்பர் டயர்தானே, தோல் இல்லையே என்று பூசாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிளப்பில் அவசரக் கூட்டம் போட்டு, தெருவில் ஓடும் சுற்றுகளும் சாதனைக் கணக்கில் சேரும் என்றும், சாதனை காரின் உரிமையாளரான மோகனசுந்தரத்தையே சேரும் என்றும் முடிவெடுத்தார்கள். அன்றைக்குக் கார் இரண்டு மடங்கு வேகத்தில் போனது.

அந்த வேகத்தை முதலில் கவனித்தவன் பேருந்து நிலையத்து டீக்கடைக் கிட்டான். வசந்தாமணியின் தங்கைக்குக் குழந்தை பிறந்து அவள் அதை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த மத்தியானம் கார் மாட்டுவண்டிபோல ஊர்ந்தது. யாரோ போய் "முதலாளிக்குப் பாராட்டு விழாவாமா, போகலீங்களா?" என்று கேட்டுத் தொலைத்த நிமிடத்தில் அது கோயில் திருப்பத்தில் பொறி பறக்கத் திரும்பியது. கிட்டான் டீ ஆற்றுகிற கையை நிறுத்தி, "அக்காளோட கோவத்துலதாங்க ஓடுது" என்றான். ஊர் ஒப்புக்கொண்டது. எங்கள் ஊரில் எது எதனால் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அதற்குமேல் ஆச்சரியப்படமாட்டார்கள்.

கோபம்தான் காரணம் என்றால் கோபத்தை நிறுத்திவிடலாமே என்று ஆள் மாற்றி ஆள் அவள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பூசாரி வந்து, "பொம்பளைக்கு இத்தன ஆங்காரம் ஆவாது அம்மிணி, உட்டுரு" என்றார். யோகா வாத்தியார் வந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, விடும்போது கோபத்தையும் சேர்த்து விட்டுவிடச் சொன்னார். டாக்டர் கிரிதரன் வந்து, "பெரிய மனுசன், ஒரு வார்த்த அப்பிடி இப்பிடி வந்துருக்கும், உட்டுருங்க்கா" என்றார். கிட்டான் ஒரு தூக்கு டீயோடு வந்து, "உட்டுருங்க்கா" என்றான். இதற்கெல்லாம் மேலே, சென்னியப்பன், சோற்றைப் பிசைந்துகொண்டே தலையைத் தூக்காமல், "கம்பெனில எல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்க, உட்டுரு புள்ள" என்றார். ஒவ்வொரு உட்டுருவுக்கும் கார் ஒரு சுற்று வேகமாகப் போனது.

எல்லோருக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். "காசு கேக்கல, கப்பு கேக்கல. மைக்கப் புடிச்சு நாம் பண்ணுனேன்னு சொன்னாரில்லீங்க, அதே மைக்கப் புடிச்சு வசந்தாமணி பண்ணுனதுன்னு சொல்லட்டும். இந்த ஒத்தச் சொல்லு வந்துட்டா என்ற கோவம் எறங்கிப்போயிரும், உங்க ரோட்டுல காரும் நிக்கும்." நியாயம்தானே என்று வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, "இருந்தாலும் உட்டுரு" என்று சொல்லிப் போனார்கள். மோகனசுந்தரத்தின் வீட்டுக்கு ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, போய் இதைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அந்த வீட்டு வாசல் உயரம்.

இதற்கிடையில் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்தால் அதற்குமேல் ஒரு டைனமோவை மாட்டாமல் எங்கள் ஊர்க்காரனுக்குத் தூக்கம் வராது. லேத் பட்டறைக்காரர்கள் சேர்ந்து, காடியின் வாயில் அங்கங்கே சின்னச் சக்கரங்களைப் பதித்தார்கள். கார் உரசிக்கொண்டு போனால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் டைனமோ. முதலில் கோயில் வாசலில் ஒரு பல்பு எரிந்தது. பிறகு தெரு விளக்குகள். பிறகு வீடுகள், கிரைண்டர்கள், லேத்துகள், கடைசியாக மோகனசுந்தரத்தின் பம்பு கம்பெனியே அதில்தான் ஓடியது. கையகலக் காரில் இவ்வளவு வருமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர், வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கும் ஒரு ஒயர் இழுத்துக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள். லாட்ஜ் வந்தது. அந்தக் காரைப்போலவே பொம்மைக் கார் விற்றார்கள், அதன் பெட்டியில் மோகனசுந்தரம் கைகட்டிச் சிரித்தார்.

கரண்ட் கட்டே இல்லாத ஊர் என்று தலைக்கேறிவிட்டது. பேரூராட்சியில் தீர்மானம் போட்டு, மின்வாரியத்தின் கரண்ட் இனி எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். டிரான்ஸ்பார்மருக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஒயர், கம்பம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வழியனுப்பி வைத்தார்கள். ஒரு மனுஷியின் வயிற்றெரிச்சலை நம்பி ஊரே ஒயரை அறுத்துக்கொண்ட கூத்து எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் நடக்காது.

அவள் வீட்டுக்கு மட்டும் யாரும் ஒயர் இழுக்கவில்லை. மறந்துபோனதாம். அவள் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பித்தளை வெட்டி, சால்டரிங் அயர்னைக் கரி அடுப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

மோகனசுந்தரத்துக்கு ஒரு மகள், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண், மிருதுளா என்று பேர். ஒருநாள் சாப்பிடும்போது அவள், "ஏனுங்கப்பா, அந்த சேஸ் நீங்க பண்ணுனதுதானுங்களே, எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்றாள். அவர் சரி என்றார். ஒரு வாரம் அவள் கேட்டாள், ஒரு வாரம் அவர் சரி என்றார், பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டு அவரை வெறுமனே பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல்தான், கிளப்பைக் கூப்பிட்டு, "மைக்க ஏற்பாடு பண்ணுங்க. அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுப்போடறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே பேரூராட்சி மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. இத்தனை நாளாக அந்த உயர வாசலில் கால் வைக்கப் பயந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு எழுந்து எழுந்து பேசினார்கள்.

"சார், நீங்க மன்னிப்புக் கேட்டா அக்காளுக்குக் கோவம் எறங்கிரும். கோவம் எறங்குனா காரு நின்னுரும். ஊரு இருண்டு போயிருமுங்க" என்றான் கிட்டான்.

"உங்களுக்கு மனசு உறுத்துதுங்கறதுக்காக ஊருச் சனத்த இருட்டுல தள்ளலாமுங்களா?" என்றார் பூசாரி.

டாக்டர் கிரிதரன், "சொல்லப்போனா, அவங்க கோவம் கொறையாமப் பாத்துக்கறதுதான் நம்ம கடமை" என்றார். அதற்கும் ஒரு குழு போட்டார்கள். காஸ் சிலிண்டர் அவளுக்கு மட்டும் தாமதமாகப் போக வேண்டும், குழாய்த் தண்ணீர் அவள் குடம் வைக்கும்போது நிற்க வேண்டும், வாரம் ஒரு தடவை யாராவது போய் உட்டுரு என்று சொல்ல வேண்டும். மோகனசுந்தரம் எழுந்து ஏதோ மறுத்துச் சொல்லப் போவதுபோல வாயைத் திறந்தார், ஊரே கேட்கும்போது நான் எப்படி மறுப்பது என்று சொல்லி உட்கார்ந்தார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தண்டனையில் இருந்து தப்பியவனின் நிம்மதிகூட இல்லை, தண்டனையே தியாகமாக மாறிவிட்டவனின் நிம்மதி. அந்த முகத்தை என்ன செய்தால் தகும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் ஊரில் எந்தத் தீர்மானம் போட்டாலும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பது வழக்கம், தண்ணீர் வராது என்றாலும் அறிவிப்பார்கள், வரும் என்றாலும் அறிவிப்பார்கள். இந்த ரகசியத்தையும் அறிவித்தார்கள். ஆட்டோ வசந்தாமணியின் சந்தில் நுழைந்தது. "பொதுமக்களின் மேலான கவனத்திற்கு. ஊர் நலனை முன்னிட்டு, திரு. மோகனசுந்தரம் அவர்கள் திருமதி வசந்தாமணி அவர்களிடம் எக்காரணம் கொண்டும் மன்னிப்புக் கேட்கக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் ஒத்துழைப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அவள் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, ஆட்டோவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை நாள் ஒரு மனிதன்மேல் இருந்த கோபம் அப்போது அவளுக்குள் ஊர் முழுவதற்குமாகப் பரவியது, ஈயம் மூட்டில் பரவுவதுபோல. பேருந்து நிலையத்துக்குப் போய், கார் வரும் வழியில் நடுக்காடியில் நின்றாள். கார் வந்தது. அவள் கால் பெருவிரலுக்கு முன்னால் வந்து நின்றது, ஓட ஆரம்பித்த நாளில் இருந்து முதன்முதலாக.

"வா" என்றாள்.

திரும்பி நடந்தாள். கார் பழைய காடியை விட்டு, அவள் பின்னால் புதிதாக ஒரு காடி கீறிக்கொண்டு போனது. அவள் கடந்த தெருவெல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தது. கோயில் விளக்கு அணைந்தது, லேத்துகள் பாதிக் கடைசலில் நின்றன, கிரைண்டர்களில் மாவு பாதி அரைந்தும் பாதி அரையாமலும் நின்றது, பம்பு கம்பெனியின் சங்கு ஊதத் தொடங்கி நடுவில் விக்கியது. அவள் வீட்டுக்குள் போனாள், கார் வாசற்படியைக் கீறி ஏறி உள்ளே போனது, அவளுடைய வேலை மேசையைச் சுற்றி வட்டமாக ஒரு காடி போட்டு ஓட ஆரம்பித்தது. அந்த வீட்டில் அப்போதுதான் எல்லாம் எரிந்தது. ஒயர் இல்லாத பல்புகள் எரிந்தன, டப்பாவில் ஒதுக்கி வைத்திருந்த பியூஸ் போன பல்புகூட எரிந்தது. வெளிச்சம் ஜன்னலில் வழிந்து, முற்றத்தில் நிரம்பி, கேட்டோடு நின்றது. கேட்டுக்கு வெளியே கும்மிருட்டு.

ஊர் மின்வாரியத்துக்கு ஓடியது. திருப்பிக் கொடுத்த இணைப்பைத் திருப்பித் தர விதி இல்லை, புது ஊர் என்று விண்ணப்பித்து வரிசையில் வாருங்கள் என்றார்கள்.

முதலில் அந்த கேட்டுக்கு வந்தது சென்னியப்பன், வேலை நின்றுபோய் வீட்டுக்கு வந்தவர். கேட் உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"இந்தக் காரப் பண்ணுனது ஆருங்க?" என்று உள்ளே இருந்து கேட்டாள்.

"என்ன புள்ள இது, நீதான்."

"நீதான்னா ஆரு? எனக்குப் பேரில்லீங்களா?"

கல்யாணமான நாளில் இருந்து அவளைப் புள்ள என்றும் ஏய் என்றும் இந்தா என்றும் கூப்பிட்ட மனிதர், இருட்டில் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வசந்தாமணி" என்றார். வாய்க்குப் பழகாத சொல், மெதுவாகத்தான் வந்தது. கேட் திறந்தது.

அடுத்து தாய்மார்கள் வந்தார்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை, படிக்க வெளிச்சம் வேண்டும். அவள் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரைப் பண்ணியது யார் என்று கேட்டில் நின்று பேரைச் சொல்லிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். சொன்னார்கள். கிட்டான் செல்போனுக்குச் சார்ஜ் போட வந்து சொன்னான். யோகா வாத்தியார் சொன்னார். பூசாரி, அம்மனுக்கு விளக்கெண்ணெய் தீர்ந்துபோய், அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்து கேட்டில் இவள் பேரைச் சொன்னார். டாக்டர் கிரிதரன் பல் பிடுங்கும் நாற்காலியோடு வந்து சொன்னார். மிருதுளா யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தால் ஊரே அந்த முற்றத்தில்தான் இருந்தது, மாவாட்டுவதும் துணி தைப்பதும் பாடம் ஒப்பிப்பதுமாக. உள்ளே அவள் யாரோடும் பேசாமல் அடுத்த சேஸைச் செய்துகொண்டிருந்தாள்.

மோகனசுந்தரம் நாளைக் கடத்திப் பார்த்தார். கம்பெனி மூடிக் கிடந்தது. வீடு இருண்டு கிடந்தது, மகள் பாதி நாள் வீட்டிலேயே இல்லை. ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் சந்துக்குள் நடந்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். முற்றத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே பயம்தான். இந்த ஆள் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அவள் கோபம் இறங்கிவிடும், கார் நின்றுவிடும், இருக்கிற இந்த வெளிச்சமும் போய்விடும். கிட்டான் கேட்டோரம் குனிந்து, "சார், கும்பிடறேன், அப்பிடியே திரும்பிப் போயிருங்க" என்று கிசுகிசுத்தான்.

வசந்தாமணி வெளியே வந்தாள். கையில் ஈயக் கம்பி. "இந்தக் காரப் பண்ணுனது ஆருங்க?"

அவர் என்னவோ முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க."

"மைக் இல்லீங்களே அக்கா."

"தொண்ட இருக்குதுங்களே."

மோகனசுந்தரம் முற்றத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், இருண்டு கிடந்த தெருவைப் பார்த்தார். பிறகு கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "இந்தக் காரப் பண்ணுனது வசந்தாமணி! நானில்லீங்க! நான் பொய் சொன்னேனுங்க! ஒரு மூட்டுக்கூட நான் வெக்கலீங்க!" இருட்டில் அந்தக் குரல் பேருந்து நிலையம் வரைக்கும் போனது, எங்கோ நாய்கள் பதில் சொல்லின.

எல்லோரும் தலையைத் தூக்கிப் பல்புகளைப் பார்த்தார்கள். வசந்தாமணியும் பார்த்தாள். இந்த ஒரு சொல் வந்தால் போதும், நெஞ்சு குளிர்ந்துவிடும் என்று அவளும்தான் நம்பியிருந்தாள். ஒரு நிமிடம் போனது. உள்ளே கார் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பல்பும் மங்கவில்லை. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சொல் வர வேண்டிய நாளில் வரவில்லை, இனி அது வந்து எதையும் அணைக்காது.

"செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும், தாய்மார்கள், பூசாரி, டாக்டர், கிட்டான், சென்னியப்பன் உட்பட, அப்பாடா, நல்லவேளை, அணையவில்லை என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள். வாசற்படியில் கால் வைத்தவள் அந்தப் பெருமூச்சைக் கேட்டு நின்றாள். விளக்குகள் முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தன.